ஒரு கிரவுண்டில் எத்தனை வீடு: மூன்றா, ஆறா, ஒன்பதா?

சென்னையில் ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி. 40க்கு 60 மனையாக அமைந்துவிட்டால் பெரிய குழப்பம் இல்லை. ஆனால் பெரம்பூர், அயனாவரம், சைதாப்பேட்டை, மேற்கு மாம்பலம் போன்ற பழைய பகுதிகளில் 30க்கு 80 என்று ஒடுங்கி நீண்ட மனைகள் நிறைய உண்டு. முன்னால் இருபது, இருபத்திரண்டு அடித் தெரு. இரண்டு பக்கமும் ஏற்கெனவே எழும்பி நிற்கும் கட்டடங்கள். அப்பா கட்டிய வீடு பழசாகிவிட்டது, பிள்ளைகள் மூன்று பேர், இடித்துவிட்டு ஃபிளாட் கட்டலாம் என்று முடிவாகிறது. உடனே வரும் கேள்வி, “எத்தனை வீடு வரும்?”

பில்டர் ஒன்பது என்பார். குடும்பத்தில் மூத்தவர் ஆளுக்கு ஒரு மாடி, மூன்று போதும் என்பார். இப்படிப்பட்ட சின்ன மனைகளுக்கு வரைபடம் போடுவதுதான் என் வேலை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 30க்கு 80 மனையில் ஆறு வீடு, நடுவில் காற்றுக்குத் திறந்த படிக்கட்டு. எண்ணிக்கையை முதலில் முடிவு செய்து அதற்குள் காற்றையும் வெளிச்சத்தையும் திணிக்கப் பார்த்தால் சரிவராது. காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகும், படிக்கட்டு எங்கே நிற்கும் என்ற இரண்டும் முடிவானால் எண்ணிக்கை தானாக வந்துவிடும்.

முதலில் மனைக் கணக்கு. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள்படி சாதாரண உயரக் கட்டடங்களுக்கு எஃப்எஸ்ஐ 2. அதாவது 2,400 சதுர அடி மனையில் 4,800 சதுர அடி கட்டலாம். இந்த எண்ணைக் கேட்டதும் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் மனையைச் சுற்றி ஐந்தைந்து அடி காலியாக விட்டுப் பாருங்கள். 30 அடி அகலத்தில் மிஞ்சுவது 20. எண்பதில் மிஞ்சுவது 70. ஒரு தளத்துக்கு 1,400 சதுர அடி. தெரு குறுகல் என்பதால் ஸ்டில்ட்டும் (கார் நிறுத்த, தூண்கள் மட்டும் நிற்கும் கீழ்த்தளம்) அதன் மேல் மூன்று மாடியும் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 4,200. எஃப்எஸ்ஐ அனுமதிக்கும் அளவை நாம் தொடவே இல்லை. ஒடுங்கிய மனையில் கழுத்தைப் பிடிப்பது எஃப்எஸ்ஐ அல்ல, காலியிடமும் உயரமும்தான். உங்கள் தெருவுக்கு எவ்வளவு உயரம், எவ்வளவு காலியிடம், எத்தனை வீடு என்பதைப் பதிவு பெற்ற பொறியாளரை வைத்து விதியோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கீழே வரும் கணக்கெல்லாம் இந்த 20க்கு 70 என்ற செவ்வகத்தை வைத்துத்தான்.

மாடிக்கு ஒரு வீடு

படிக்கட்டு, லிஃப்ட் போக ஒரு தளத்தில் 1,260 சதுர அடி வீடு கிடைக்கும். சுவர் கழித்துக் கார்பெட் ஏரியா 1,100 சொச்சம். மூன்று படுக்கையறை, நான்கு பக்கமும் ஜன்னல், முன்னும் பின்னும் பால்கனி. வாழ்வதற்கு இதைவிட நல்ல அமைப்பு இந்த மனையில் இல்லை. மூன்று பிள்ளைகளும் அங்கேயே குடியிருக்கப் போகிறார்கள், கட்டும் செலவு அவர்கள் கையிலேயே இருக்கிறது என்றால் இதையே கட்டுங்கள். மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்.

ஆனால் பெரும்பாலான குடும்பங்களில் கையில் பணம் இருக்காது. மனை நம்முடையது, கட்டும் செலவு பில்டருடையது, வீடுகள் பாதிக்குப் பாதி என்று பில்டரோடு ஜாயின்ட் வென்ச்சர் போட வேண்டியிருக்கும். மூன்றைப் பாதியாகப் பிரிக்க முடியாது. சண்டை அங்கேயே தொடங்கும். பில்டர் விற்கப்போகும் வீடும் லேசான விலையில் இருக்காது. ஒரு கணக்குக்கு சதுர அடி 10,000 ரூபாய் என்று வைத்தால், பொது இடத்தையும் சேர்த்து 1,400 சதுர அடிக்கு ஒரு கோடியே நாற்பது லட்சம். அந்தத் தெருவில் வாடகைக்கு இருக்கும் பள்ளி ஆசிரியரோ ரயில்வே ஊழியரோ அதை வாங்க முடியாது. கட்டுப்படியாகும் வீடு என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை.

மாடிக்கு மூன்று

அடுத்து பில்டரின் ஒன்பது. இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் விலை உண்மையிலேயே இறங்குகிறது. அதே 10,000 ரூபாய்க் கணக்கில் சராசரியாக ஒரு வீடு 47 லட்சம். வரைபடத்தில் வைத்துப் பார்த்தால்தான் எங்கே இடிக்கிறது என்று தெரியும்.

20 அடி அகலத்தில் முன்னால் ஒரு வீடு, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று. முன் வீட்டுக்கும் நடு வீட்டுக்கும் இடையில் 10 அடி நீளத்துக்குப் படிக்கட்டும் லிஃப்டும். பின் வீட்டுக்குப் போக நடு வீட்டை உரசிக்கொண்டு 4 அடி நடைபாதை. அதனால் நடு வீடு 20 அடி அகலத்திலிருந்து 16 அடிக்குச் சுருங்குகிறது. முன் வீடும் பின் வீடும் தலா 350 சதுர அடி கார்பெட், நடு வீடு 280 இருந்தால் அதிகம். தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் இப்போது கட்டும் வீடுகளே 400 சதுர அடியை ஒட்டி வந்துவிட்டன. அவற்றைவிடச் சிறிய வீட்டை 40 லட்சத்துக்கு மேல் கொடுத்து ஒருவர் வாங்க வேண்டியிருக்கும்.

அளவு சிறிதாக இருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நடு வீட்டின் ஜன்னல்தான் பெரிய சிக்கல். ஒரு பக்கம் மட்டும் ஐந்தடி சந்து, மறு பக்கம் நடைபாதை. சந்துக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் கழிவறை வெண்டிலேட்டர். காற்று ஒரு ஜன்னல் வழியாக உள்ளே வரவேண்டும் என்றால் வேறொரு வழியாக வெளியே போயாக வேண்டும். வெளியேற வழியில்லாத அறைக்குள் எவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தாலும் காற்று புகாது. நடைபாதைப் பக்கம் ஜன்னல் வைக்கலாம். ஆனால் போவோர் வருவோர் பார்வை படும் ஜன்னலை யாரும் திறந்து வைப்பதில்லை. முதல் வாரத்திலேயே திரை போட்டு, அடுத்த மாதம் சாத்திவிடுவார்கள். அப்புறம் பகலிலும் விளக்கு, மே மாதத்தில் இரவெல்லாம் ஏசி. வாங்கும்போது மிச்சமான பணம் மின்கட்டணமாகப் போய்க்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் துணி காயாமல் ஒரு வாடை வரும் பாருங்கள், அதற்கு விலையே போட முடியாது.

தனியாக இருக்கும் பெண்கள், ஓய்வு பெற்ற தம்பதிகள், புதிதாகத் திருமணமானவர்கள் என்று ஒற்றைப் படுக்கையறை வீடு தேடுகிறவர்கள் சென்னையில் ஏராளம். அவர்களுக்கு வீடு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதற்கு 40 அடி அகல மனை சரி. 30 அடி மனையில் மூன்றில் ஒரு குடும்பம் இருட்டில் இருக்கும்.

மாடிக்கு இரண்டு: மூடிய படிக்கட்டா, திறந்த படிக்கட்டா

ஆறு வீட்டில் இரண்டு வகை உண்டு. வழக்கமாகக் கட்டுவது, முன்னால் 30 அடி நீள வீடு, நடுவில் 10 அடிக்கு மூடிய படிக்கட்டு, பின்னால் 30 அடி நீள வீடு. ஒவ்வொன்றும் 527 சதுர அடி கார்பெட், ஏறக்குறைய 49 சதுர மீட்டர். மூன்று பக்கம் வெளிச்சுவர், ஒரு பக்கம் படிக்கட்டுச் சுவர். மோசமில்லை. ஆனால் படிக்கட்டை ஒட்டிய அறைகளுக்கு மறுபடியும் ஐந்தடிச் சந்து மட்டும்தான். படிக்கட்டிலும் பகலில் விளக்கு எரிய வேண்டும்.

நான் சொல்லும் வகையில் வீடுகளை 28 அடியாகக் குறைத்து, நடுவில் 14 அடி ஒதுக்குகிறேன். அந்த 14 அடியில் மேற்குப் பக்கம் படிக்கட்டு, லிஃப்ட், நடை. கிழக்குப் பக்கம் 6 அடி ஆழத்துக்குக் கட்டடத்தையே உள்ளே வெட்டி வானத்துக்குத் திறந்து விட்டுவிடுகிறேன். 6 அடி வெட்டும் 5 அடிச் சந்தும் சேர்ந்தால் 11 அடி அகலத் திறப்பு. பக்கத்து வீட்டுக்காரரும் ஐந்தடி விட்டிருந்தால் 16. படிக்கட்டுக்குச் சுவர் எழுப்பாமல் கைப்பிடிச் சுவர் மட்டும். மழைச்சாரல் அடிக்கும் பக்கத்துக்குக் கான்கிரீட் ஜாலி, அதாவது துளைகள் உள்ள தடுப்பு, போதும். சென்னையில் கோடையில் பிற்பகலில் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் கடல்காற்று உள்ளே வரும். அது முன் வீட்டின் தெருப்பக்க ஜன்னலில் நுழைந்தாலும் சரி, இந்த வெட்டில் நுழைந்தாலும் சரி, வெளியேற இன்னொரு வழி இருக்கிறது. பின் வீட்டுக்கும் அப்படித்தான். தெரு எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து வெட்டைக் கிழக்கிலோ தெற்கிலோ வைக்கலாம். படிக்கட்டும் கழிவறைகளும் மேற்கு வெயிலைத் தாங்கட்டும்.

வெட்டுக்குள் இரண்டு வீட்டுச் சுவர்களும் 14 அடி இடைவெளியில் எதிரும் புதிருமாக நிற்கும். சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே இன்னொரு சமையலறை ஜன்னல் வந்தால் இரண்டு குடும்பமும் திரை போட்டுவிடும். ஒன்றை இடப்பக்கம், ஒன்றை வலப்பக்கம் என்று தள்ளி வைத்தால் போதும், இரண்டும் திறந்தே இருக்கும். வரைபடத்தில் இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

இதற்கு விலை உண்டு. ஒவ்வொரு வீடும் 527லிருந்து 490 சதுர அடிக்கு இறங்குகிறது. மூன்று தளத்திலும் சேர்த்து விற்கும் பரப்பில் 250 சதுர அடி போகிறது. 10,000 ரூபாய்க் கணக்கில் 25 லட்சம். பில்டர் இதைத்தான் சொல்லி மறுப்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த இடத்தைக் கட்டாததால் மிஞ்சும் கட்டுமானச் செலவைக் கழித்துக்கொள்ளுங்கள், மீதியை ஆறாகப் பங்கிடுங்கள். வீட்டுக்கு மூன்று லட்சத்தைச் சுற்றி வரும். ஐம்பது வருடம் பகலில் விளக்குப் போடாமல், குறுக்குக் காற்றோடு வாழ்வதற்கு மூன்று லட்சம் அதிகமில்லை என்பது என் எண்ணம்.

490 சதுர அடிக்குள் என்னென்ன

குறைந்த அளவுகளைப் பற்றித் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்வது நல்ல அளவுகோல். வசிக்கும் அறை 9.5 சதுர மீட்டர், அகலம் 2.4 மீட்டருக்குக் குறையக்கூடாது. இரண்டு அறை இருந்தால் ஒன்று 7.5 வரை இறங்கலாம். சமையலறை 5 சதுர மீட்டர், அகலம் 1.8 மீட்டர். இதை அடியாக்கி, சுவர் போகக் கிடைக்கும் 18½ அடிக்கு 26½ அடியில் அடுக்கிப் பார்த்தால் ஹால் 10க்கு 12, பெரிய படுக்கையறை 10க்கு 11, சின்னது 8க்கு 10½, சமையலறை 6க்கு 9, 4க்கு 7½ அளவில் இரண்டு குளியலறை, 3½க்கு 6 சர்வீஸ் ஏரியா. மீதி நடைக்கும் உள்சுவருக்கும். பொருந்துகிறது, ஆனால் ஓர் அங்குலமும் வீணாகக் கூடாது.

சமையலறையை மட்டும் கொஞ்சம் அருகே போய்ப் பார்ப்போம், ஏனென்றால் சின்ன வீடு தோற்பது பெரும்பாலும் அங்கேதான். 6 அடி அகலத்தில் மேடைக்கு 2 அடி போனால் நிற்க 4 அடி. எதிர்ப்பக்கமும் மேடை போட்டால் 2 அடிதான் மிஞ்சும், குனிந்து கீழ் அலமாரியைத் திறக்க முடியாது. அதனால் நீளப் பக்கம் ஒன்று, குறுக்கே ஒன்று என்று எல் வடிவம். ஃபிரிட்ஜுக்கு இரண்டேகால் அடி ஆழம் வேண்டும். அதை வாசலுக்கு உள்ளே வைத்தால் கதவு திறக்கும்போது வழியை அடைக்கும். ஹாலின் மூலையில் சமையலறைச் சுவரை ஒட்டி ஃபிரிட்ஜுக்கென்று ஒரு மாடம் விடுவது நல்லது. கிரைண்டர் வைக்க மேடையில் ஒரு முனை, பக்கத்திலேயே பதினைந்து ஆம்பியர் பிளக். 20 லிட்டர் தண்ணீர் கேன் வைக்க, காலி கேனையும் சேர்த்து, தரையில் இரண்டு கேனுக்கு இடம். இதையெல்லாம் வரைபடத்தில் முன்கூட்டியே குறிக்காவிட்டால் கேன் ஹாலுக்கு வந்துவிடும், ஹாலிலிருந்து நாற்காலி பால்கனிக்குப் போய்விடும்.

சர்வீஸ் ஏரியாவைப் பலர் வெட்டிவிட்டுச் சமையலறையைப் பெரிதாக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாத்திரம் விளக்க, வாஷிங் மெஷின் வைக்க, ஈரத்துணி உலர்த்த ஓர் இடம் இல்லாத வீட்டில் இந்த வேலை அத்தனையும் ஹாலுக்குள் நடக்கும். அந்த 21 சதுர அடி மற்ற 469 சதுர அடியையும் காப்பாற்றுகிறது. அதை நடு வெட்டைப் பார்த்தபடி வைத்தால் துணியும் சீக்கிரம் காயும்.

படுக்கையறையில் பார்க்க வேண்டியது கட்டிலும் பீரோவும் கதவும். 10க்கு 11 அறையில் ஐந்தடிக் கட்டில் போட்டு, கதவைச் சுவர் மூலையை ஒட்டி வைத்தால் பீரோவுக்கு முழுச் சுவர் கிடைக்கும். அதே கதவைச் சுவரின் நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் வீண். ஏழடிக்கு மேல் லாஃப்ட் போடும் சென்னை வழக்கத்தை விடாதீர்கள், கொலு பொம்மையும் பெட்டியும் கோடையில் கம்பளியும் அங்கேதான் போக வேண்டும். ஆனால் ஜன்னலுக்கு மேலே போடாமல் எதிர்ச்சுவரில் போடுங்கள்.

ஜன்னல் என்றதும் ஒன்று. வடக்குப் பக்கம் வெயில் வராது என்று சன்ஷேட் இல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சி வெயில் நமக்கு வடக்கே சாய்ந்துதான் நிற்கும். வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேட் வேண்டும்.

விலையும் யூடிஎஸ்ஸும்

மலிவு விலை வீடு என்று அரசு சொல்வதற்கு ஜிஎஸ்டியில் ஓர் அளவு இருக்கிறது: சென்னை போன்ற பெருநகரங்களில் கார்பெட் 60 சதுர மீட்டருக்குள், விலை 45 லட்சத்துக்குள். இரண்டும் பொருந்தினால் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு வரி 1 சதவீதம், இல்லையென்றால் 5. 2019 ஏப்ரல் முதல் இந்த முறை. நம் ஆறு வீட்டுத் திட்டத்தில் 45 சதுர மீட்டர்தான், அளவு தாராளமாகப் பொருந்துகிறது. விலை? பொது இடத்தையும் சேர்த்து 658 சதுர அடி; 45 லட்சத்துக்குள் வர சதுர அடி 6,840 ரூபாய்க்குக் கீழே விற்க வேண்டும். மாம்பலத்தில் நடக்காது. நகரின் வடக்கே, மேற்கே மனை விலை குறைந்த பகுதிகளில் முயன்று பார்க்கலாம். வீட்டை எவ்வளவு சுருக்கினாலும் மனையின் விலைதான் கடைசியில் முடிவு செய்கிறது என்பது வருத்தமான உண்மை. பில்டரிடம் பேசும்போது 45 லட்சக் கோட்டை ஒட்டி விலை வந்தால், அதற்குள் கொண்டுவரப் பாருங்கள். வாங்குபவருக்கு 4 சதவீதம் என்றால் ஏறக்குறைய 1.8 லட்சம்.

வீடு சிறிதானால் சதுர அடிக்குக் கட்டுமானச் செலவு ஏறும் என்பதையும் மறக்கக் கூடாது. வீடு எத்தனை சதுர அடியாக இருந்தாலும் சமையல் மேடை, குழாய், கழிவறை, மெயின் கதவு, ஈபி மீட்டர் எல்லாம் வீட்டுக்கு ஒரு செட் வேண்டும். ஒன்பது வீட்டுத் திட்டம் காகிதத்தில் காட்டும் லாபத்தில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

யூடிஎஸ்ஸை, அதாவது ஒவ்வொரு வீட்டுக்கும் மனையில் சேரும் பிரிக்கப்படாத பங்கைப் பார்ப்போம். மூன்று வீடென்றால் ஆளுக்கு 800 சதுர அடி மண், ஆறென்றால் 400, ஒன்பதென்றால் 267. கட்டடம் பழசாகும், மண் ஆகாது. நாற்பது வருடம் கழித்து இடித்துக் கட்டும்போது பேச்சு முழுவதும் யூடிஎஸ் மேல்தான் நடக்கும். 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய அடுக்குமாடி உடைமைச் சட்டத்தில் மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். ஆறில் நான்கு பேரை ஒரே மேசையில் உட்கார வைத்துவிடலாம். 267 சதுர அடி மண்ணுக்காக ஒன்பதில் ஆறு பேரைச் சேர்ப்பது கடினம்.

கீழ்த்தளமும் லிஃப்டும்

20 அடி அகல ஸ்டில்ட்டில் சுவரை ஒட்டி நீளவாக்கில் கார் நிறுத்தி, பக்கத்தில் போக வழி விட்டால், வசதியாக மூன்று கார். நாம் வெட்டிய 6 அடியும் 5 அடிச் சந்தும் கீழே படிக்கட்டைத் தாண்டிப் பின்னால் போகும் கார் வழியாக உதவும். ஆறு வீட்டுக்கு மூன்று கார் போதுமா என்றால், வீடு சிறிதாகச் சிறிதாக விதி கேட்கும் கார் நிறுத்தமும் குறைகிறது. ஆனால் இரு சக்கர வண்டிக்கு வீட்டுக்கு இரண்டு இடம் கட்டாயம் ஒதுக்குங்கள். கார் இடத்தை வீட்டோடு ஒட்டாமல் தனியாக விலை சொன்னால், கார் இல்லாத குடும்பத்துக்கு அந்தச் சுமை இருக்காது. ஒன்பது வீட்டுக்கு மூன்று கார் என்றால் தெருவில்தான் நிறுத்துவார்கள், இருபதடித் தெருவில் ஆம்புலன்ஸ் திரும்ப முடியாது.

ஸ்டில்ட் வேண்டவே வேண்டாம், கீழேயும் வீடு கட்டலாம் என்று சிலர் கேட்பதுண்டு. 2015 டிசம்பரையும் 2023இல் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரில் தரைத்தள வீட்டை நான் சொல்லமாட்டேன். ஸ்டில்ட் இருந்தாலும் ஈபி மீட்டர் பலகை, மோட்டார், சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) மூடி மூன்றும் தெருவில் நின்ற தண்ணீரின் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். பழைய ஆட்களைக் கேட்டால் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள், அதுதான் மட்டம்.

சம்ப் அளவும் முக்கியம். நபருக்கு நாளைக்கு 135 லிட்டர், வீட்டுக்கு நான்கு பேர் என்றால் ஆறு வீட்டுக்கு 3,240 லிட்டர். 9,000 லிட்டர் லாரி வந்தால் முழுவதும் இறங்குகிற மாதிரி 12,000 லிட்டர் சம்ப் கட்டுங்கள். மொட்டை மாடி மழைத் தண்ணீர் அதற்கென்று தனித் தொட்டிக்கும் மிச்சம் கிணற்றுக்கும் போகட்டும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். குழாயை மட்டும் காட்டிவிட்டுக் கிணற்றோடு இணைக்காமல் விடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், நேரில் நின்று பாருங்கள்.

ஸ்டில்ட்டில் ஒரு பெரிய எச்சரிக்கை உண்டு. மேலே சுவர்கள் நிறைந்த மாடிகள், கீழே வெறும் தூண்கள் என்றால் நிலநடுக்கத்தில் கீழ்த்தளம்தான் முதலில் ஒடியும். 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் இப்படிப்பட்ட கட்டடங்கள் விழுந்தன. 2002இல் சென்னையை நிலநடுக்க வரைபடத்தின் மூன்றாம் மண்டலத்தில், அதாவது மிதமான ஆபத்துள்ள பகுதியில், சேர்த்தார்கள். தூண் அளவையும் அதற்குள் போகும் வளையக் கம்பியின் இடைவெளியையும் கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டுத் தர வேண்டும். மேஸ்திரி பழக்கத்தில் போடும் எட்டு அங்குல இடைவெளி தூணின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் போதாது. களிமண் இருக்கும் பகுதியென்றால் மண் பரிசோதனை செய்யாமல் அஸ்திவாரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

லிஃப்ட் விஷயத்தில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. லிஃப்ட் இல்லாத, மூன்று மாடிக்கு மிகாத, பத்து வீட்டுக்கு மேற்படாத குடியிருப்புகளுக்குப் பொது மின் இணைப்புக் கட்டணத்தை அரசு 2023 நவம்பர் முதல் யூனிட்டுக்கு 8 ரூபாயிலிருந்து 5.50ஆகக் குறைத்தது. பராமரிப்பு ஒப்பந்தச் செலவும் மிச்சம். ஆனால் மூன்றாவது மாடியில் வாங்கும் நாற்பது வயதுக்காரருக்கு இருபது வருடத்தில் அறுபதாகும். வீட்டுக்காரர்களால் இப்போது முடியாவிட்டாலும் லிஃப்டுக்கான குழியையும் சுவரையும் கட்டி வைத்துவிடுங்கள். பிறகு இயந்திரத்தை மட்டும் பொருத்தலாம். குழியை விடாமல் கட்டிவிட்டால் பிறகு எந்தக் காலத்திலும் உள்ளே லிஃப்ட் வராது.

பக்கத்து மனையோடு சேர்ந்தால்

இதுவரை சொன்னதெல்லாம் தனி மனைக்கு. பக்கத்து மனைக்காரரும் அதே நேரத்தில் இடிக்க நினைத்தால் கணக்கே மாறிவிடும். 60க்கு 80 மனையில் இரண்டு ஓரத்திலும் ஐந்தடி விட்டால் 50 அடி அகலம் கிடைக்கிறது. தனித்தனியாகக் கட்டினால் 20ம் 20மாக 40 அடிதான். நடுவில் இரண்டு சந்துக்கு வீணான பத்தடியைக் கட்டடத்துக்கு நடுவே முற்றமாகவே விட்டுவிடலாம், அப்படியும் நஷ்டமில்லை. முற்றத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால், தளத்துக்கு 3,200 என்று மூன்று தளத்தில் எஃப்எஸ்ஐ 9,600ஐயும் முழுவதும் எட்டிவிடலாம். பன்னிரண்டு வீட்டுக்கு ஒரே படிக்கட்டு, ஒரே லிஃப்ட், ஒரே சம்ப். இருட்டறை இல்லாமல் ஒற்றைப் படுக்கையறை வீடுகளும் இந்த அகலத்தில்தான் சாத்தியம். இரண்டு குடும்பமும் ஒத்துப்போவதுதான் கடினம். ஆனால் ஒரு முறையாவது அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்காமல் தனியாக வரைபடம் போட வேண்டாம்.

கையெழுத்துக்கு முன்

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்துக்கும் எட்டுக்கு மேற்படாத வீடுகளுக்கும் பதிவு கட்டாயமில்லை. ஒரு கிரவுண்டு 223 சதுர மீட்டர்தான். ஆணையத்தில் பதிவாகாத திட்டம் என்றால் உங்களுக்கும் வாங்குபவருக்கும் ஒப்பந்தப் பத்திரம்தான் பாதுகாப்பு. அதில் பொது இடத்தையும் சேர்த்த சூப்பர் பில்ட்அப் அளவை மட்டும் எழுதாமல் ஒவ்வொரு வீட்டின் கார்பெட் ஏரியாவையும் யூடிஎஸ்ஸையும் சதுர அடியில் எழுதச் சொல்லுங்கள். நடு வெட்டின் அளவைக் குறித்து, “இதன் மேல் எந்தத் தளத்திலும் கூரையோ தளமோ போடக்கூடாது” என்று ஒரு வரி சேருங்கள். ஆறு வீட்டுத் திட்டம் ஆறு மாதத்தில் எட்டு வீடாக மாறுவது அந்த வெட்டை மூடித்தான். மொட்டை மாடி உரிமை ஆறு பேருக்கும் பொது என்பதையும், எந்தெந்த வீடு குடும்பத்துக்கு, எது பில்டருக்கு என்பதையும் வரைபடத்தில் வண்ணம் தீட்டி, இரு தரப்பும் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டு இணைத்துவிடுங்கள். முன் வீடு மூன்றும் ஒருவருக்கே, பின் வீடு மூன்றும் இன்னொருவருக்கே என்று பிரித்தால் பின் வீட்டின் மேல் யாருக்கும் அக்கறை இருக்காது. தளத்துக்குத் தளம் மாற்றிப் பிரித்துக்கொண்டால் பில்டரும் முன்னும் பின்னும் ஒரே தரத்தில் கட்டுவார்.